பொருளியலோ, வணிக நிருவாகமோ?

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வெளியானதும் வர்த்தகப் பிரிவு மாணவர் பலர் ஒரே வினாவுடன் எம்மிடம் வருகின்றனர். பொருளியற் பட்டம் பயில்வதா, வணிக நிருவாகப் பட்டம் பயில்வதா என்பதே அவ்வினா. தமிழாசிரியரிடம் கேட்கத்தக்க வினாவோ இது என நகைப்பாரும் உளர். ஆயின், எழுபது அதிகாரங்கள் கொண்ட பொருட்பாலைக் கற்பிக்கும் எமக்கு இதிற் சிறிது பேச உரிமை உண்டென்றே கருதுகின்றோம்.

இறைமாட்சி என்னும் அதிகாரத்திலே, பொருள் வரும் வழிகளை ஆக்குதல், வந்ததைச் சேர்த்தல், காத்தல், உரியவாறு பங்கிடுதல் என நான்கு பணிகளை வள்ளுவர் அரசுக்கு விதிக்கின்றார். வணிக நிருவாகம் முதல் மூன்றையும் ஒரு நிறுவனத்தின் அளவில் நின்று கற்பிப்பது. கணக்கீடு, சந்தைப்படுத்தல், நிதி, ஆளணி முகாமை என்பன அதன் பாடங்கள். பொருளியலோ நான்கையும் நாடு முழுவதற்கும் வைத்து ஆராய்வது; விலை ஏன் ஏறுகின்றது, வேலை ஏன் குறைகின்றது, பயன் எவரைச் சேர்கின்றது என வினவுவது. அதற்குக் கணிதமும் புள்ளிவிபரவியலும் இன்றியமையாதன.

சம்பூரையே எடுத்துக்கொள்வோம். 2006ஆம் ஆண்டுப் போரில் இவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். இங்கு அமையவிருந்த 500 மெகாவாற் நிலக்கரி அனல்மின் நிலையத் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரிலில் 120 மெகாவாற் சூரிய மின் நிலையப் பணி தொடக்கிவைக்கப்பட்டது. நிலத்தின் பெறுமதி யாது, மின்னால் விளையும் பயனில் ஊருக்குப் பங்கு எவ்வளவு, வயலுக்கும் மேய்ச்சலுக்கும் நேரும் இழப்பை எவ்வாறு அளப்பது என்னும் வினாக்களுக்கு விடைகாணப் பொருளியல் கற்றோர் வேண்டும். கொட்டியாரக்குடாவிற் பிடித்த மீனைப் பழுதுறாது சந்தை சேர்க்கும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தை நட்டமின்றி நடத்த நிருவாகம் கற்றோர் வேண்டும். இரண்டும் ஊருக்கு வேண்டிய கல்வியே.

வணிகப் பட்டத்தை நாடுவோர் பெரும்பாலும் கூறுங் காரணம், விரைவில் வேலை கிடைக்கும் என்பது. இதனை யாம் இகழோம். வீட்டுச் சுமையை விரைந்து தாங்கவேண்டிய பிள்ளை வணிகப் பட்டத்தோடு பட்டயக் கணக்காளர் பரீட்சைகளையும் எழுதுதல் நன்று. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில், மாவட்டத்தை விட்டகலாமலே வணிகக் கற்கைகள் பயிலவும் வாய்ப்புண்டு.

ஆனால், கணிதத்தில் விருப்பும், ஏன் என வினவும் இயல்பும் உடைய பிள்ளையை, வேலையச்சங் காட்டிப் பொருளியலினின்று திருப்புதல் தகாது. வந்தாறுமூலைக்கோ, யாழ்ப்பாணத்துக்கோ, பேராதனைக்கோ செல்ல நேரினும் செல்லவே வேண்டும். நிருவாகத்தைப் பணியில் இருந்துகொண்டே பின்னர் கற்கலாம். வணிக நிருவாக முதுமாணிக் கற்கை அத்தகையோரையும் ஏற்பது. கணித அடிப்படையை முப்பது வயதின் பின் இடுதல் அரிது.

மாணவர்காள்! விண்ணப்பத்தில் விருப்ப வரிசையை எழுதுமுன் இரு பட்டங்களின் பாடத்திட்டங்களையும் ஒருமுறை முழுமையாக வாசியுங்கள். அண்டை வீட்டார் சொல்லை மட்டும் கேட்டு எழுதற்க. வங்கிகளிலும் திணைக்களங்களிலும் கடமையாற்றும் பழைய மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: யூபிலி ஆண்டில் ஒரு நாளேனும் கல்லூரிக்கு வந்து, நீங்கள் கற்றது எது, தொழிலிற் பயன்பட்டது எது என்பதை இப்பிள்ளைகளுக்கு எடுத்துரையுங்கள். எம்மாற் கூறவியலாத பகுதி அதுவேயாம்.