ஐம்பது நாளுக்குள் முடிய வேண்டிய வேலை

பாஸ்டன் நகரத்து மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங்கின் கைக்கு அந்தக் காலத்தில் ஈடு கிடையாது. குழந்தைகளின் சிறுமூளையில் வளரும் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற கட்டிக்கு 1925-இல் பெயர் வைத்தவர்கள் அவரும் பெர்சிவல் பெய்லியும்தான். 1930-இல் தன்னிடம் வந்த 61 பேரின் கணக்கை குஷிங் ஒளிவுமறைவில்லாமல் வெளியிட்டார். மூன்று ஆண்டு தாண்டி உயிரோடிருந்தவர் ஒரே ஒருவர். கட்டியை எடுத்தாலும் அதன் செல்கள் மூளையைச் சுற்றி ஓடும் நீரில் கலந்து தண்டுவடம் வரை இறங்கி, அங்கே மறுபடி வளர்ந்தன. கத்தி எட்டாத இடம் அது.

விடை மான்செஸ்டரிலிருந்து வந்தது. நீர் போகிற இடமெல்லாம் கதிரும் போகட்டும் என்று கிறிஸ்டி மருத்துவமனையின் எடித் பேட்டர்சன் நினைத்தார். கட்டி இருந்த இடத்தோடு நிற்காமல், மூளை முழுவதற்கும் தண்டுவடம் முழுவதற்கும் கதிர் கொடுத்தார். நம் ஊரில் ‘கரண்ட் வைப்பது’ என்கிறோமே, அதேதான். அவரும் சக ஆய்வாளர் ஃபாரும் 1953-இல் வெளியிட்ட முடிவில், மூன்று ஆண்டு பிழைத்தவர்கள் ஏறத்தாழ 65 விழுக்காடு. அப்போது சி.டி. ஸ்கேன் கிடையாது, அதை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரத்தில் முதல் நோயாளியைப் படுக்க வைத்தது 1971-இல். கீமோ மருந்துகளும் இந்தக் கட்டிக்கு வந்து சேரவில்லை.

பிழைத்த பிள்ளைகள் அதற்கு விலையும் கொடுத்தார்கள். வளர்ச்சி குன்றியது, பாடம் ஏறவில்லை. பின்னாளில் சிஸ்பிளாட்டின், லோமுஸ்டின், வின்கிறிஸ்டின் மருந்துகளைச் சேர்த்துக்கொண்டு, கட்டி பரவாத பிள்ளைகளுக்கு மூளை முழுவதற்கும் தண்டுவடத்துக்கும் கொடுக்கும் கதிரின் அளவை 36 கிரேயிலிருந்து 23.4 கிரேக்கு இறக்கினார்கள். அப்படியும் பத்தில் எட்டுப் பேர் ஐந்து ஆண்டு தாண்டினார்கள்.

இனி இந்த நூற்றாண்டின் கணக்கு. 71 நாடுகளின் புற்றுநோய்ப் பதிவேடுகளை அலசிய கன்கார்ட் ஆய்வின் மூன்றாம் சுற்று 2018-இல் லான்செட் இதழில் வந்தது. 2010 முதல் 2014 வரை மூளைக்கட்டி கண்டறியப்பட்ட குழந்தைகளில் ஐந்தாண்டு பிழைத்தவர்கள் ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் ஏறக்குறைய 80 விழுக்காடு, பிரேசிலில் 28.9. இதை 1953-இன் மான்செஸ்டர் எண்ணோடு நேராக ஒப்பிடக் கூடாது. அது ஒரே கட்டி, ஒரே மருத்துவமனை, மூன்றாண்டுக் கணக்கு; இது எல்லா மூளைக்கட்டிகளும் சேர்ந்த ஐந்தாண்டுக் கணக்கு. இருந்தாலும் பிரேசிலின் எண் உறுத்துகிறது. பிரேசில் பரம ஏழை நாடும் அல்ல, பதிவேடு வைத்திருக்கிற நாடு. பெரும்பாலான ஆப்பிரிக்க நாடுகள் அந்தப் பட்டியலிலேயே இல்லை. காய்ச்சலென்றும் வலிப்பென்றும் சொல்லிப் புதைக்கப்பட்ட பிள்ளைகள் எந்த விழுக்காட்டிலும் சேர மாட்டார்கள்.

சிகிச்சைச் சங்கிலி எங்கே அறுகிறது? பெரும்பாலும் முதல் கண்ணியிலேயே. காலையில் எழுந்ததும் வாந்தி என்றால் பித்தம் என்கிறோம். மாறுகண் வந்தால் கண்ணாடி வாங்குகிறோம். இது ஏழைநாட்டு அறியாமை மட்டுமல்ல. பிரிட்டனிலேயே 2006 வாக்கில், அறிகுறி தோன்றி நோயைக் கண்டுபிடிக்க 14 வாரம் ஆனது. 2011-இல் ‘ஹெட்ஸ்மார்ட்’ என்ற பிரசாரத்தைத் தொடங்கி, பெற்றோருக்கும் குடும்ப மருத்துவர்களுக்கும் அறிகுறி அட்டை கொடுத்தார்கள். இரண்டே ஆண்டில் அந்தத் தாமதம் 7 வாரத்துக்குள் வந்தது. அச்சடித்த அட்டைதான், புதுமருந்து எதுவும் இல்லை.

அடுத்த கண்ணி, கட்டி வழியை அடைப்பதால் மூளையில் தேங்கும் நீரை வடிக்கும் ஷன்ட் என்ற குழாய். 1950-களில் பிலடெல்பியா பக்கம் பூட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஜான் ஹோல்டர், தன் மகனுக்காக அதற்கு வால்வு செய்தார். பிறகு அது பணக்கார நாட்டுச் சரக்காகிவிட்டது. உத்தரப் பிரதேசத்தின் ஷாஜகான்பூரில் தயாராகும் சாப்ரா ஷன்டையும், பல மடங்கு விலையுள்ள அமெரிக்க ஷன்டையும் உகாண்டாவில் மருத்துவர் பெஞ்சமின் வார்ஃப் ஒப்பிட்டுப் பார்த்தார். 2005-இல் வெளியான முடிவு: பலனில் வித்தியாசம் இல்லை.

மிஞ்சுவது கதிர் இயந்திரம். மெடுல்லோபிளாஸ்டோமாவுக்குக் கதிர் தொடங்கினால் ஐம்பது நாளுக்குள் முடிய வேண்டும். இழுத்தால் பிழைப்பவர் எண்ணிக்கை குறைகிறது என்று ஐரோப்பிய ஆய்வு காட்டியிருக்கிறது. நாடு முழுவதற்கும் ஒரே இயந்திரம், அதுவும் உதிரிபாகத்துக்காக மாதக்கணக்கில் மூடிக் கிடந்தால், ஐம்பது நாள் கணக்குக்கு என்ன அர்த்தம்?

தெரிந்த மருத்துவத்தைக் கொண்டுசேர்த்தாலே போதும் என்ற இந்த வாதம் எல்லாக் கட்டிகளுக்கும் பொருந்தாது. மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியில் பரவும் கட்டி, 1962 ஜனவரியில் நீல் ஆம்ஸ்ட்ராங்கின் இரண்டு வயது மகளைக் கொண்டுபோனது. அதே கட்டி வந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் இன்றும் ஓராண்டைக் காண்பதில்லை; ஸ்டாக்ஹோமானாலும் சாவோ பாவ்லோவானாலும் அப்படித்தான். அந்தக் கட்டிக்கு ஆய்வகம்தான் வழி சொல்ல வேண்டும். மற்ற கட்டிகளில் பலவற்றுக்கு ஆய்வகம் தன் வேலையைப் பெரிதும் முடித்துவிட்டது. பாக்கி இருப்பது கருவூலமும் நிர்வாகமும் செய்ய வேண்டியது.

உலக சுகாதார நிறுவனம் 2018-இல் ஓர் இலக்கு வைத்தது: 2030-க்குள் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 60 விழுக்காட்டினராவது பிழைக்க வேண்டும். அளவுகோலாக எடுத்த ஆறு புற்றுகளில் மெதுவாக வளரும் மூளைக்கட்டியும் ஒன்று. முழுசாக எடுக்க முடிந்தால் பெரும்பாலும் குணமாகிவிடும் கட்டி அது. சரியான தேர்வுதான். ஆனால் இயந்திரத்தோடு பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் பதிவேட்டுக்கும் பணம் ஒதுக்காத அரசு, அந்த 60-ஐக் காகிதத்தில்தான் தொடும்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைக்குக் காலை வாந்தியோ தலைவலியோ, நடையில் தள்ளாட்டமோ, புதிதாக வந்த மாறுகண்ணோ கழுத்துச் சாய்வோ இரண்டு வாரமாக விடாமல் இருந்தால், இன்னொரு சிரப் வாங்காதீர்கள். மருத்துவரிடம் தலை ஸ்கேன் பற்றி நீங்களே கேளுங்கள். அறிகுறி வேகமாக முற்றினால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.