யூசர் முழிக்கிறாரா? நீங்க பேசாம இருங்க!

'ஜாவா தெரியுமா, சி ப்ளஸ் ப்ளஸ் தெரியுமா?'ன்னு கேட்டு வேலைக்கு எடுத்த கம்பெனி, திடீர்னு உங்களை 'யூசபிலிட்டி டீம்'ல தூக்கிப் போட்டா என்ன பண்ணுவீங்க? டீம்ல நாலு பேர். நாலு பேருமே புதுசு. வழிகாட்ட ஒரே ஒரு சீனியர். கவலையே வேணாம்... நல்ல சீனியர் சொல்லித் தர்ற விஷயங்கள் ரொம்ப சிம்பிள். செய்றதுதான் கஷ்டம்!

முதல் பாடம்: வாயை மூடுறது. ரயில் டிக்கெட் எடுக்குற ஒரு சைட்டை டெஸ்ட் பண்றோம்னு வைங்க. எதிர்ல ஒரு அம்மா. 'நாளைக்கு மதுரைக்கு ஒரு டிக்கெட் போடுங்கம்மா. மனசுல தோணுறதை வாய்விட்டுச் சொல்லிட்டே பண்ணுங்க'ன்னு மட்டும்தான் சொல்லணும். 'திங்க் அலவுட்'ங்கிற இந்த முறையை ஐ.பி.எம்-ல இருந்த கிளேட்டன் லூயிஸ் 1982-லயே எழுதி வெச்சுட்டார். அந்தம்மா பட்டனைத் தேடித் திருதிருன்னு முழிக்கும்போது, 'வலது பக்கம் பாருங்க'ன்னு சொல்ல நமக்கு நாக்கு துடிக்கும். சொன்னா டெஸ்ட் அவுட்! அவங்க வீட்ல தனியா முழிக்கும்போது நீங்க பக்கத்துல இருக்கப் போறதில்லையே? 'எங்கே இருக்கும்னு எதிர்பார்க்குறீங்க?'ன்னு கேளுங்க. அந்தப் பதில்தான் உங்களுக்குப் புதையல்!

நல்ல சீனியர் முதல் ரெண்டு டெஸ்ட்டைத் தானே நடத்திக் காட்டுவார். அடுத்த ரெண்டை உங்களை நடத்தவிட்டு, ஓரமா உட்கார்ந்து கவனிப்பார். அப்புறம் ரூமை விட்டே வெளியே போயிடுவார். எப்பவும் கூடவே இருந்தா டீம் வளராது பாஸ்!

ரெண்டாவது: ஊரையே கூட்ட வேணாம். ஜேக்கப் நீல்சன் 2000-ல எழுதின கணக்குப்படி, 5 பேரை வெச்சு டெஸ்ட் பண்ணினாலே சுமார் 85 சதவிகிதப் பிரச்னைகள் வெளியே வந்துடும். 15 பேர் கிடைச்சா ஒரே தடவையில தீர்த்துடாதீங்க. அஞ்சஞ்சு பேரா மூணு ரவுண்டு! நடுநடுவுல குறைகளைச் சரி பண்ணிட்டே போகலாம்.

மூணாவதுதான் முக்கியம். 50 தப்பு கண்டுபிடிச்சு லிஸ்ட் போட்டு நீட்டினா, ராத்திரி பகலா கோடு எழுதினவருக்கு எப்படி இருக்கும்? 'யூசருக்கு விவரம் பத்தலை'ன்னு ஒரே வரியில முடிச்சிடுவார். ஸோ, பெரிய தப்பு மூணே மூணு போதும். முடிஞ்சா அவரையும் டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டு பின்னாடி உட்கார வைங்க. அந்தம்மா தடுமாறுறதை நேர்ல பார்த்தார்னா, உங்க ரிப்போர்ட்டே தேவைப்படாது!

'பட்டன் எங்கே இருந்தா என்ன?'ங்கிறீங்களா? 2000-ல அமெரிக்க அதிபர் தேர்தல்... ஃபுளோரிடாவின் பாம் பீச் கவுண்டியில, வயசானவங்களுக்கு எழுத்து பெருசா தெரியட்டும்னு பெயர்களை ரெண்டு பக்கமா பிரிச்சு, நடுவுல துளை போடுற மாதிரி வாக்குச்சீட்டை வடிவமைச்சாங்க. நல்ல எண்ணம்தான். ஆனா, பலர் குழம்பி வேற ஆளோட துளையில குத்திட்டாங்க. அந்த மாநிலத்தோட முடிவைத் தீர்மானிச்ச வித்தியாசம் வெறும் 537 ஓட்டு!

ஸோ, இந்த வாரம் ஒரு வேலை. உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை வேற டிபார்ட்மென்ட்ல அஞ்சு பேர்கிட்ட கொடுங்க. பக்கத்துல உட்காருங்க. பேசாதீங்க... கவனிங்க. வைவா எக்ஸாமினர் கேட்கப் போற கேள்வி, அப்பவே தெரிஞ்சிடும்!