ஆட்டோபைலட் கையை விட்ட பிறகு



கோட் எழுதித் தர்ற ஏஐ பத்தின இந்த வார எபிசோட்ல, "இனிமே புரோகிராமரும் பைலட் மாதிரிதான், உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தா போதும்"னு ஒரு பேச்சு வந்தது. நேரமில்லாம அதை அப்படியே விட்டுட்டோம். எனக்கு அது உறுத்திக்கிட்டே இருக்கு. பைலட் சும்மா உட்கார்ந்திருக்கார்ங்கிற நினைப்பே தப்பு.

நீண்ட தூர விமானங்கள்ல பெரும்பாலான நேரம் ஆட்டோபைலட்தான் ஓட்டுது, உண்மை. புறப்படும்போது சில நிமிஷம், இறங்கும்போது சில நிமிஷம், அவ்வளவுதான் கை வேலை. ஆனா மத்த நேரத்துலயும் ஒருத்தர் ஓட்டுற பைலட், இன்னொருத்தர் கண்காணிக்கிற பைலட்னு பொறுப்பு பிரிஞ்சிருக்கு. ஆட்டோபைலட் ஒரு மோடுல இருந்து இன்னொண்ணுக்கு மாறினா திரையில மேல் வரியில காட்டும், அதைப் படிச்சு உறுதிப்படுத்திக்கணும். கன்ட்ரோல் கைமாறும்போது "நான் எடுத்துக்கிறேன்", "நீங்க எடுத்துக்கங்க"ன்னு ரெண்டு பேருமே வாய்விட்டுச் சொல்லணும். இவ்வளவு சம்பிரதாயம் எதுக்குன்னா, மெஷின் இப்போ என்ன செய்யுதுன்னு மனுஷனுக்குத் தெரியாமப் போற அந்த இடத்துலதான் விபத்து காத்திருக்கு.

ஏர் ஃபிரான்ஸ் 447 இதுக்கு மோசமான உதாரணம். 2009 ஜூன் 1, ரியோ டி ஜெனீரோவில் இருந்து பாரிஸ் போன ஏர்பஸ் ஏ330. அட்லாண்டிக் மேல 35,000 அடியில, வேகத்தை அளக்குற பிட்டோ குழாய்களை ஐஸ் துகள்கள் அடைச்சிடுச்சு. வேகக் கணக்கு ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல. நம்ப முடியாத டேட்டாவை வெச்சு ஓட்ட மாட்டேன்னு ஆட்டோபைலட் கழன்டுக்கிச்சு. புரோகிராமரா யோசிச்சா, அதுவரைக்கும் அது பண்ணினது சரிதான். கேப்டன் அப்போ ஓய்வுல இருந்தார், காக்பிட்ல இருந்தது ரெண்டு துணை விமானிகள். குழாய் அடைப்பு ஒரு நிமிஷத்துக்குள்ளயே சரியாயிடுச்சு. ஆனா ஓட்டின விமானி அதுக்குள்ள மூக்கைத் தூக்கிட்டார், தொடர்ந்து தூக்கிப் பிடிச்சுக்கிட்டே இருந்தார். விமானம் ஸ்டால் ஆயிடுச்சு. அதாவது இறக்கை மேல காற்றோட்டம் கலைஞ்சு, தூக்குற சக்தி போயிடுச்சு. சுமார் நாலரை நிமிஷத்துல கடல்ல விழுந்தது. 228 பேரும் இறந்துட்டாங்க.

இதுல என்னைத் தூங்க விடாத ஒரு விவரம் இருக்கு. அளந்த வேகம் 60 நாட்டுக்குக் கீழ போனா, "இந்த டேட்டா செல்லாது"ன்னு முடிவு பண்ணி, ஸ்டால் எச்சரிக்கை நின்னுடும். அப்போ விமானி சரியா மூக்கைக் கீழ இறக்கினா வேகம் கூடும், டேட்டா திரும்பச் செல்லுபடியாகும், எச்சரிக்கை திரும்ப அலறும். சரியா செஞ்சா சத்தம், தப்பா செஞ்சா அமைதி! நம்மள்ல எத்தனை பேர் இதே மாதிரி 'செல்லாத மதிப்பு வந்தா எதுவும் காட்டாதே'ன்னு ஒரு வரி எழுதியிருப்போம்?

பழியை அந்த விமானிகள் மேல போட்டுட்டுப் போறது சுலபம். ஆனா பிரெஞ்சு விசாரணை அறிக்கை இன்னொண்ணையும் சொல்லுது: அவ்வளவு உயரத்துல, வேகம் நம்ப முடியாத நிலைமையில, கையால ஓட்ட அவங்களுக்குப் பயிற்சியே கொடுக்கப்படல. ஆயிரக்கணக்கான மணி நேர அனுபவம் இருந்தது, ஆனா இந்த வேலையில இல்ல.

இதை முன்னாடியே சொன்ன ஆளுங்களும் இருந்தாங்க. 1997லயே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பயிற்சிக் கேப்டன் ஒருத்தர், திரையில வழியைக் காட்டுற மெஜந்தா நிறக் கோட்டை மட்டுமே நம்புற விமானிகளை 'மெஜந்தாவின் பிள்ளைகள்'னு சொல்லி ஒரு வகுப்பு எடுத்தார். அவரோட யோசனை எளிமையானது. குழப்பமா இருந்தா கம்ப்யூட்டர்ல இன்னும் நாலு பட்டனைத் தட்டாதே, ஒரு படி கீழ இறங்கு. அதுவும் முடியலையா, கையால ஓட்டு.

2013 ஜனவரியில அமெரிக்க விமானத்துறை அமைப்பு எஃப்ஏஏ-வும், விமானிகளைக் கையால ஓட்ட ஊக்கப்படுத்துங்கன்னு ஏர்லைன்களுக்குச் சொல்லிச்சு. அதே வருஷம் ஜூலை 6, சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏசியானா 214. வெயில் அடிக்குற பகல், தெளிவான வானம். இறங்குற கோணத்தைக் காட்டுற தரைக் கருவி மட்டும் அன்னைக்கு வேலை செய்யல. ஆட்டோ த்ராட்டில் வேகத்தைப் பார்த்துக்கும்னு விமானிகள் நினைச்சாங்க, அது அந்த மோடுல பார்த்துக்கல. ஓடுபாதைக்கு முன்னாடி இருந்த கடல் தடுப்புச் சுவர்ல வால் மோதி 3 பேர் இறந்தாங்க. கையால ஓட்டிப் பழக விமானிகளுக்கு இன்னும் வாய்ப்பு கொடுங்கன்னு விசாரணை அமைப்பு அந்த ஏர்லைனுக்குப் பரிந்துரை செஞ்சது.

ஆட்டோமேஷனே வேண்டாம்னு சொல்ல வரல. அது காப்பாத்தின உயிர்கள் அது வாங்கின உயிர்களை விட ரொம்ப ரொம்ப அதிகம். ஏஐ-யும் நான் தினமும் பயன்படுத்துறேன். நான் பொறாமைப்படுறது பைலட்டுங்களோட சிமுலேட்டரைப் பார்த்துத்தான். பொதுவா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அவங்க உள்ள போகணும். டேக்-ஆஃப் பாதியில எஞ்சின் போகும், தீப்பிடிக்கும், பாஸ் ஆகலன்னா திரும்பப் பயிற்சி. செலவு ஏர்லைனோடது, அந்த நேரமும் வேலை நேரம்.

நமக்கு? இப்போ நான் வேலை பார்க்கிற டீம்ல முதல் வேலைக்கு வந்த ரெண்டு பேர் இருக்காங்க, கெட்டிக்காரங்க. ஏஐ இல்லாம ஒரு லாக் ஃபைலை மேல இருந்து கீழ படிச்சு பிழையைத் தேடினதே கிடையாது. தப்பு அவங்களோடது இல்ல, யாரும் பழக்கல. இங்க பிரிட்டன்ல ஆட்டோமேட்டிக் கார்ல டெஸ்ட் பாஸ் பண்ணினா கியர் வண்டி ஓட்ட உரிமம் கிடையாது. நம்ம தொழில்ல அந்த வரி லைசென்ஸ்ல எழுதாமலே எல்லார் கையிலயும் பெரிய வண்டியைக் கொடுத்துட்டிருக்கோம். அதுல சம்பளப் பட்டியலும் ஓடுது, ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட்டும் ஓடுது.

நான் கேட்கிறது பெரிசா ஒண்ணுமில்ல. மாசத்துக்கு ஒரு மதியம். டெஸ்ட் சிஸ்டத்துல ஒருத்தர் ரகசியமா எதையாவது உடைச்சு வைக்கணும், மத்தவங்க ஏஐ-யை அணைச்சுட்டு ரெண்டு மணி நேரத்துல கண்டுபிடிக்கணும். ஜூனியர்தான் கீபோர்டுல, சீனியர் கண்காணிக்கிற பைலட். இதை மேனேஜர்கிட்ட சொன்னேன். நல்ல ஐடியான்னு தலையாட்டினார். அப்புறம், "டைம்ஷீட்ல இதை எந்தத் தலைப்புல போடுறது?"ன்னு கேட்டார்.

கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற பேச்சு அடுத்த மாசம் வருது. இந்த மதியத்தையும் தனி வரியா எழுதிக் கொடுக்கப் போறேன். அவங்க வெட்டினா, என் நாள் கூலியிலயே ரெண்டு மணி நேரத்தைக் கழிச்சுக்கிட்டு அந்த ரெண்டு பேரையும் உட்கார வைக்கலாம்னு இருக்கேன். உங்க ஆபீஸ்ல இந்த மாதிரி ஏதாவது நடக்குதுன்னா இந்த மெயிலுக்கே பதில் போடுங்க, எந்தத் தலைப்புல கணக்கு எழுதுறீங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க.