எண்ணிக்கை பெருகியது, இனம் மறைந்தது: காவிரியின் தூண்டில் விளையாட்டு குறித்து

பங்காருபாளையம் போன்ற சித்தூர் மாவட்டத்து ஊர்களில் ஏரி மீன் குத்தகைக்குரிய பொருள். கட்லாவும் ரோகுவும் விட்டு வளர்க்கும் நீரில், குத்தகைதாரர் அறியாமல் தூண்டில் போடும் சிறுவனுக்குத் திருடன் என்று பெயர். அதே சாலையில் மேற்கே சென்று, பெங்களூருவைக் கடந்து காவிரியை அடைந்தால், பணம் செலுத்தி அரைநாள் தூண்டில் பிடித்தவருக்கு அண்மைக்காலம் வரை இயற்கைப் பாதுகாவலர் என்று பெயர். கருவி ஒன்றே. இரண்டாவது பெயர் எந்தச் சான்றின் மீது நிற்கிறது என்பதைக் கல்விப்புலம் போதிய அளவு கேட்கவில்லை.

இந்த வேறுபாடு புதிதன்று. சென்னை மாகாணத்தின் குடிமைப்பணி அதிகாரியான எச்.எஸ். தாமஸ், இந்தியாவில் தூண்டில் பிடிப்பது குறித்த தம் நூலை 1873இல் வெளியிட்டார். 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் வெடியையும் நஞ்சையும் தடை செய்தது. தடை நியாயமானதே. ஆனால் அக்காலம் தொட்டு, ஆற்றை அழிப்பவன் கரைவாசி என்றும், ஆற்றின்மீது அக்கறை உள்ளவர் தூண்டில்காரத் துரை என்றும் ஒரு படிமம் நிலைபெற்றது. 1946இல் கபினியில் வான் இங்கென் பிடித்த 120 பவுண்டு மாசீர் கெண்டை அப்படிமத்தின் வெற்றிச் சின்னமாயிற்று.

பிற்காலத்தில் பீமேஸ்வரி, காளிபோரே, தொட்டமாகளி முகாம்களில் விருந்தினர் பரிசலில் சென்று, கேழ்வரகுக் களி உருண்டையை இரையாக்கி, மீனைப் பிடித்து, எடைபோட்டு, படமெடுத்து, மீண்டும் நீரில் விட்டனர். இதனை ஆதரிப்போரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. விருந்தினரின் பணம் காவலுக்கு உதவியது. முன்பு திருட்டுத்தனமாக மீன்பிடித்த சிலருக்கு வழிகாட்டி வேலை கிடைத்தது. முகாம் இருந்த இடத்தில் வெடிவைக்க அஞ்சினர். இவை அனைத்தையும் ஏற்றுக்கொண்டே கேட்க வேண்டியது: காக்கப்பட்டது எந்த மீன்?

விடையை முகாமின் பதிவேடே தருகிறது. காளிபோரேயில் 1998 முதல் 2012 வரை தூண்டில்காரர் குறித்துவைத்த கணக்கைப் பிண்டர், ராகவன், பிரிட்டன் ஆகியோர் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டனர். அக்காலத்தில் சிக்கிய மாசீர்களின் எண்ணிக்கை கூடியது. ஒரு மீனின் எடை குறைந்தது. பெருகியது நீலத்துடுப்பு மாசீர். அது காவிரிக்கு உரியதன்று. லோனாவாலாவில் டாடா மின் நிறுவனத்தின் பண்ணையில் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யப்பட்டு, பல ஆறுகளில் விடப்பட்ட வடபுலத்து இனம். காவிரிக்கே உரிய திமில் மாசீர் அருகிக்கொண்டே போனது. குஞ்சு விட்டதைப் பாதுகாப்பு என்று கொண்டாடியவர்களின் கணக்கேட்டிலேயே அந்த இழப்பு பதிவாகியிருந்தது. 'மாசீர்' என்ற ஒற்றைச் சொல்லில் இரண்டையும் அடக்கியதால் அது எவர் கண்ணிலும் படவில்லை.

வகைப்பாட்டியலின் பங்கும் இதில் சிறிதன்று. உலகெங்கும் தூண்டில்காரர் அறிந்த திமில் மாசீருக்கு உறுதியான அறிவியல் பெயர் 2018இல்தான் கிடைத்தது. மோயாற்றில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு, முன்பே பாம்பாற்றிலிருந்து விவரிக்கப்பட்ட 'டோர் ரெமாதேவியை' ஒத்த இனமே அது என்று நிறுவினர். அதே ஆண்டில் அது மிக அருகிய இனமாகச் சிவப்புப் பட்டியலில் ஏறியது. பெயர் வந்தபோது மீன் ஏறக்குறைய போய்விட்டது. நூறாண்டுக்கு மேல் அதன் எடையை அளந்தவர்கள் பலர். அது எது என்று கேட்டவர்கள் சிலர்.

வனவிலங்குச் சட்டத்தைக் காட்டி முகாம்களின் தூண்டிலை நிறுத்தியதும் முழுத் தீர்வாகாது. தடையோடு பதிவேடும் நின்றது. பதினைந்தாண்டுச் சான்றைத் தந்தது தூண்டில்தான் என்பதை மறைப்பது நேர்மையன்று. ஆயினும், அந்தச் சான்றே தூண்டிலை மீட்டுக் கொண்டுவரும் நியாயமாகிவிடாது. கணக்கெடுக்க விருந்தினர் தேவையில்லை. ஒகேனக்கல்லிலும் மோயாற்றங்கரையிலும் வலையோடு வாழ்பவர்களுக்குக் கூலி கொடுத்து, மீனை இனம் பிரித்துக் குறிக்கச் செய்யலாம். அயல் ஆற்றுக் குஞ்சுகளைக் காவிரியில் விடுவதை முற்றாக நிறுத்தலாம்.

அரைநாள் மகிழ்ச்சியை மகிழ்ச்சி என்றே அழைத்தால் எவருக்கும் இழப்பில்லை. அதற்குப் பாதுகாப்பு என்று பெயரிட விரும்புவோர், எத்தனை மீனை விடுவித்தோம் என்பதற்கு முன் எந்த இனத்தை விடுவித்தோம் என்பதற்குக் கணக்குக் காட்டட்டும்.