மாறும் மரக்கால்

அளக்குங் கருவி நிலைத்து நிற்றல் வேண்டும் என்பது வாணிகத்தின் முதலறமாகும். நெல்லை விற்குங்கால் ஒரு மரக்காலும், வாங்குங்கால் பிறிதொரு மரக்காலும் கையாளும் வணிகனை ஊரார் நல்லன் என்னார். சிற்றூர்ச் சந்தையில் எவரும் பொறாத இச்செயல், மேல்நாட்டு விமானக் கம்பெனிகளும் பெரிய தங்கல் விடுதிகளும் தம் வாடிக்கையாளர்க்கென நடத்திவரும் வெகுமதித் திட்டங்களில் இயல்பாய் நிகழ்ந்து வருகின்றது. நம் கல்லூரியின் பழைய மாணவருள் கடல் கடந்து அடிக்கடி செல்வோர் பலராதலின், இதனை ஆராய்தல் வீண் அன்று.

முதற்கண் இத்திட்டங்கள் பிறந்த வரலாற்றைக் காண்போம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் உள்நாட்டு விமானக் கட்டணத்தையும் வழிகளையும் நெடுங்காலம் அரசாங்கமே வரையறுத்து வந்தது. 1978ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டம் அக்கட்டுப்பாட்டை நீக்கத் தொடங்கவே, கம்பெனிகளுக்குள் போட்டி மிகுந்தது. ஒருமுறை வந்த பிரயாணியைப் பிறரிடம் செல்லவிடாது நிறுத்துவது எங்ஙனம் என்பதே அவர்தம் கவலையாயிற்று. 1981ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி, பிரயாணி பறந்த மைல்களைக் கணக்கிட்டு, அவை போதிய அளவு சேர்ந்தபின் கட்டணமின்றிப் பயணச்சீட்டு நல்கும் முறையை ஏற்படுத்திற்று. யுனைடெட் கம்பெனியும் சின்னாட்களில் அதனைப் பின்பற்றியது. 1983ஆம் ஆண்டில் ஹாலிடே இன், மாரியட் என்னும் விடுதிகளும் இம்முறையைக் கைக்கொண்டன.

தொடக்கத்தில் கணக்கு எளிதாயிருந்தது. இத்தனை மைல் பறந்தால் இன்ன ஊருக்குச் சீட்டு உண்டு என்று பிரயாணி முன்னரே அறிந்திருந்தான். பிற்காலத்து மாறுதல்கள் இருவகைப்படும். அவற்றைப் பிரித்தறிந்தாலன்றி நியாயம் விளங்காது.

ஒன்று, புள்ளிகளை ஈட்டும் முறையில் நேர்ந்த மாறுதல். 2015ஆம் ஆண்டு ஜனவரியில் டெல்டாவும், மார்ச்சில் யுனைடெட்டும், 2016ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கனும், பறந்த தொலைவை விடுத்துச் செலுத்திய பணத்திற்கேற்ப மைல்களை வழங்கத் தலைப்பட்டன. குறைந்த கட்டணத்தில் நெடுந்தொலைவு செல்வோர்க்கு இது இழப்பே. எனினும் இதனை யான் குறைகூறேன். இனி வருவதற்கு இன்ன விலை என்று முன்னரே அறிவிக்கும் உரிமை விற்பவனுக்கு உண்டு; விரும்பாதவன் வேறு கடையை நாடலாம்.

மற்றொன்று, ஈட்டிய புள்ளிகளின் மதிப்பில் நேர்ந்த மாறுதல். ஒரு பயணத்திற்கு எத்தனை மைல் வேண்டும் என வரையறுத்த பட்டியலை டெல்டா 2015ஆம் ஆண்டிலும், யுனைடெட் 2019ஆம் ஆண்டிலும் நீக்கிவிட்டன. மாரியட் விடுதியார் 2022ஆம் ஆண்டில் அவ்வாறே செய்தனர். பட்டியல் போயினமையால், ஒரே இருக்கைக்கும் ஒரே அறைக்கும் இன்று ஒரு விலை, நாளை ஒரு விலை என்றாயிற்று. ஆண்டுக்கணக்காகச் சேர்த்து வைத்தவன், தான் சேர்த்தது எதற்குப் போதும் என்றறியான். மரக்கால் மாறுவது இங்கேதான்.

"இவை கம்பெனியார் விரும்பித் தரும் இலவசம், தானமாய் வந்ததன் அளவைக் குறித்து வழக்காடலாமோ?" என்பர் சிலர். இக்கூற்றுப் பொருந்தாது. வங்கிகளும் கடனட்டைக் கம்பெனிகளும் இம்மைல்களை ரொக்கம் கொடுத்து வாங்கித் தம் வாடிக்கையாளர்க்கு அளிக்கின்றன. இவ்வகைத் தொடர்பால் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கம்பெனியிடமிருந்து டெல்டா 2023ஆம் ஆண்டில் மட்டும் பெற்றது ஏறக்குறைய 700 கோடி டாலர். கொள்ளைநோயால் விமானங்கள் நின்றுபோன 2020ஆம் ஆண்டில், யுனைடெட் கம்பெனி தன் வெகுமதித் திட்டத்தையே ஈடாக வைத்து 600 கோடி டாலருக்குமேல் கடன் வாங்கிற்று. வெறும் தானத்தை எவரேனும் ஈடாக ஏற்றுக் கடன் கொடுப்பரோ?

இனிச் சட்டம் கூறுவது யாது? 1995ஆம் ஆண்டில் அமெரிக்க உச்சநீதிமன்றம், கம்பெனி தானே எழுதித்தந்த உடன்படிக்கையை மீறினால் உறுப்பினர் வழக்குத் தொடரலாம் என்றது. ஆனால் 2014ஆம் ஆண்டில், திட்டத்தினின்று நீக்கப்பட்ட ஒருவர் நன்னம்பிக்கைக் கடமையைச் சுட்டித் தொடுத்த வழக்கை அந்நீதிமன்றம் ஏற்கவில்லை. நிபந்தனைகளை விரும்பியவாறு மாற்றும் உரிமையையும் கம்பெனியார் உடன்படிக்கையிலேயே எழுதிக்கொள்கின்றனர். ஆகவே எழுதியது காக்கும்; எழுதும் எழுத்தாணியோ ஒருவர் கையில் மட்டுமே உள்ளது.

இத்திட்டங்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் விசுவாசம் எனப் பொருள்படும். நம் முன்னோர் செஞ்சோற்றுக் கடன் என்று ஒன்றைப் போற்றினர். அங்கே தலைவன் முன்னர்ச் சோறிட்டான்; வீரன் பின்னர் அக்கடனைத் தீர்த்தான். இங்கேயோ பிரயாணி முன்னர்ப் பணமும் பற்றும் செலுத்துகிறான்; தலைவன் இடப்போகும் சோற்றின் அளவைப் பின்னர்த் தன் விருப்பம்போல் குறைக்கிறான். ஒருபால் மட்டும் நிற்கும் விசுவாசம் விசுவாசமன்று. அது வசப்படுத்தும் தந்திரமே.

யான் வேண்டுவது பெரிதன்று. ஈட்டிய புள்ளிகளை, ஈட்டிய காலத்து அளவின்படியே குறித்த காலம் வரையேனும் ஏற்றல் வேண்டும். பட்டியலை வெளியிடல் வேண்டும். மாற்றக் கருதின் ஓராண்டு முன்னரே அறிவித்தல் வேண்டும். இவை நடவாதன அல்ல. 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் டெல்டா உயர்நிலை உறுப்பினர்க்குரிய நிபந்தனைகளைக் கடுமையாக்கியபோது எழுந்த எதிர்ப்பால், அடுத்த மாதமே அவற்றுட் சிலவற்றைத் தளர்த்திற்று. 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையும் நான்கு பெருங் கம்பெனிகளின் திட்டங்களைக் குறித்து விசாரணை தொடங்கிற்று. வாய்திறந்து கேட்பார் உளராயின் கணக்குக் காட்டுவாரும் உளராவர்.

அதுகாறும் பிரயாணிகள் ஒன்றை மறவாதிருத்தல் நன்று. புள்ளிகள் சேமிப்பாகா, வட்டி பெறா, வைத்திருக்க வைத்திருக்கத் தேய்வன. அவற்றின் பொருட்டு வேண்டாப் பயணம் மேற்கொள்வதும், மிகுந்த கட்டணம் செலுத்துவதும் அறிவுடைமையாகா. சேர்ந்தவற்றைக் காலத்தே செலவிட்டு, அடுத்த பயணத்திற்கு விலையும் வசதியும் நோக்கி விமானத்தைத் தேர்க. அளவு மாறாத இடத்திலன்றோ பற்றும் மாறாதிருத்தல் தகும்!