எஃப்7 அழுத்தினால் என்ன வரும்?

பன்னிரண்டாம் வகுப்பு கணக்குப்பதிவியல் புத்தகத்தில் கடைசிப் பாடம் டேலி. எஃப்5 செலுத்தல், எஃப்6 பெறுதல், எஃப்7 குறிப்பேடு என்று ராத்திரி முழுக்க உருப்போட்டு, வகுப்புத் தேர்வில் முழு மார்க்கும் வாங்கினேன். அதுவரை டேலி ஓடும் ஒரு கம்ப்யூட்டரைக்கூட நான் தொட்டதில்லை. எங்கள் பள்ளியில் லேப் இருந்தது, பூட்டும் இருந்தது. சாவி கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்புக்கு மட்டும். காமர்ஸ் பசங்களுக்குப் புத்தகத்தில் படம் போட்டிருக்கிறதே, அது போதாதா!

இப்போது பி.காம் மூன்றாம் வருடம். எம்.காம், பி.எட் முடித்து இதே பாடத்தை +1, +2 பிள்ளைகளுக்கு எடுக்க வேண்டும் என்பது ஆசை. சொன்னதும் நண்பன் சிரித்தான்: "உனக்கென்னடா கவலை, எல்லா இடத்துலயும் ஸ்மார்ட் போர்டு வந்தாச்சு. ஒரு பென் டிரைவ் போதும்." இந்தக் கொதிப்பு அதனால்தான்.

பென் டிரைவ் வாத்தியார்களிடம் மூன்று வருடமாகப் படிக்கிறேன் சாமி. ஸ்லைடு வரும், அவர் வாசிப்பார், நாங்கள் போட்டோ எடுப்போம். லாப நட்டக் கணக்கு முழுசாக, தப்பே இல்லாமல், ஒரே நொடியில் திரையில் வந்து நிற்கும். எந்தத் தொகை ஏன் அந்தப் பக்கம் போனது என்று யோசிக்க அந்த ஒரு நொடி போதுமா?

+1-இல் எங்கள் ஐயா சாக்பீஸோடு வருவார். ஒருநாள் கரும்பலகையில் இருப்பாய்வு போட்டார், பற்றுப் பக்கம் 900 ரூபாய் குறைந்தது. வகுப்பே தேட ஆரம்பித்தது. அரை மணி நேரம்! "வித்தியாசம் 9-ஆல் வகுபடுதா பாருங்க. வகுபட்டா இலக்கம் இடம் மாறியிருக்கலாம்" என்றார். சம்பளம் 5,400 பேரேட்டில் 4,500 ஆகியிருந்தது. வேண்டுமென்றே செய்தாரா, நிஜமாகவே தவறினாரா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் பிழை திருத்தமும் அனாமத்துக் கணக்கும் எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

அப்படியானால் கம்ப்யூட்டரே வேண்டாம் என்கிறாயா என்று கேட்காதீர்கள். கல்லூரியில் டேலியைத் தொட்டபோது சொக்கிப் போனவன் நான். ஆனால் பாருங்கள், பற்றும் வரவும் சமமாக இல்லாத வவுச்சரை டேலி ஏற்கவே ஏற்காது. அதே டேலியில் கடைக்கு வாங்கிய நாற்காலியைக் கொள்முதல் கணக்கில் போடுங்கள், சமர்த்தாக வாங்கி வைத்துக்கொள்ளும். இருப்பாய்வும் சமமாகிவிடும், லாபம் மட்டும் பொய். விதிப்பிழையைக் கண்டுபிடிக்க மனுஷ மூளைதான் வேண்டும். அது நோட்டில் கோடு போட்டுப் பேரேடு எழுதிய கைக்குத்தான் வரும் என்பது என் கட்சி. முதலில் நோட்டு, பிறகு டேலி. டேலியும் பிள்ளைகள் கையில், வாத்தியார் கையில் அல்ல.

நாம் செய்வது நேர் தலைகீழ். எழுத வேண்டியதைத் திரையில் காட்டுகிறோம், திரையில் செய்ய வேண்டியதைப் பேப்பரில் எழுத வைக்கிறோம். 2018-இல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் க்யூஆர் கோடு அச்சடித்தார்கள். நல்ல விஷயம்தான். பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது. எங்கள் வீட்டில் இருந்த ஒரே போன் காலையிலேயே அப்பா சட்டைப் பையில் வேலைக்குப் போய்விடும். அந்தக் கட்டத்தை நான் எதை வைத்து ஸ்கேன் செய்வது, கண்ணாலா?

டேலியைக் கல்விப் பயன்பாட்டுக்கு இலவசமாக ஓட்டலாம். மாதத்தில் குறிப்பிட்ட சில தேதிகளில் மட்டும்தான் பதிய முடியும், பழகுவதற்கு அது தாராளம். ஆக, காசு இல்லை என்ற சாக்கும் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே தலைமையாசிரியரிடம் லேப் சாவியைக் கேட்பேன். தராவிட்டால் என் ஓட்டை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போவேன். நாற்பது பேரும் வரிசையில் நின்று ஆளுக்கொரு வவுச்சராவது போடட்டும். பென் டிரைவ் நண்பா, நீ வேண்டுமானால் அன்றைக்கு வந்து வரிசையை ஒழுங்குபடுத்து :-)