சுவர் சொன்ன மறையுரை

"ஆன்ம ரட்சிப்பைப் போதித்தால் போதும், சாதிப் பேச்சு கோவிலுக்குள் எதற்கு?" என்கிறார்கள் சிலர். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழும்பிய கத்தோலிக்கக் கோவிலுக்குப் பீடம் ஒன்று, மண்டபங்கள் இரண்டு. பிள்ளைமாரும் முதலியார்களும் ஒருபுறம், நாடார்கள் மறுபுறம். பூசையில் சாமியார் என்ன சொன்னாலும், நடுச்சுவர்தான் உரக்கப் போதித்தது. 1910இல் அதை இடித்தபோது, பழையபடி பிரித்துத் தரச்சொல்லிப் பிள்ளைமாரும் முதலியார்களும் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. இன்றும் பல ஊர்களில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்கள் சாதிக்கொன்றாகக் கிடக்கின்றன. அவற்றில் திருச்சபைக்குச் சொந்தமானவற்றை ஒன்றாக்கும் அதிகாரம் அதன் கையில்தான் இருக்கிறது. அதைச் செய்யாமல் மோட்சத்தைப் பற்றி மட்டும் மறையுரை ஆற்றுகிறவர், சுவர் கேட்டு வழக்காடியவர்களின் கட்சிதான்.